தூண்டில் ஈயக்குண்டு வீட்டிலேயே வார்ப்பது: ஈரம் போக்குவதிலிருந்து கை கழுவுவது வரை

ஈயக்குண்டு வார்க்க உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் அடுப்பைத்தான் முதலில் பற்றவைக்கிறார்கள். ஈயம் உருகிய பிறகு அச்சைத் தேடுகிறார்கள், கம்பியை வளைக்கிறார்கள், கையுறை எங்கே என்று கேட்கிறார்கள். ஆபத்து அந்த இடைவெளியில்தான் வருகிறது. இந்த வேலையில் பாதிக்கு மேல் அடுப்பு எரியும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை ஒரே கணக்கில் அமைந்தது: உருகிய ஈயம் தொடப்போகும் எதிலும் சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது.

கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கான 60 முதல் 120 கிராம் வரையிலான குண்டுகளையும், வீச்சுவலைக்கான துளையுள்ள மணிகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எங்கே, எப்போது செய்வது

திறந்தவெளியில் செய்யுங்கள். சமையலறை, மூடிய ஷெட், பால்கனி எதுவும் சரிப்படாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து புகையை முன்னால் தள்ளிக்கொண்டு போகும்படி அடுப்பை வையுங்கள்.

வானம் மூடியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த வேலையையே தள்ளிப்போடலாம். திடீர்த் தூறல் வந்தால் உருகிய ஈயச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. சொட்டும் மரத்தடியும் அதே காரணத்துக்காக ஆகாது.

வெறும் சிமெண்ட் தரையில் அடுப்பை வைக்காதீர்கள். சிமெண்டுக்குள் ஈரம் தங்கியிருக்கும். ஈயம் சிந்தினால் அந்த ஈரம் ஆவியாகி, தரையே துண்டு துண்டாகத் தெறிக்கும். அகலமான இரும்புத் தட்டில் நன்றாகக் காய்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் அடுப்பு அசையாமல் நிற்கும்படி வையுங்கள். சிந்திய ஈயத்தைத் திரும்ப எடுப்பதும் இதனால் சுலபம். மண்ணிலும் ஈயம் கலக்காது.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. உடலில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடுகிறது. அவர்களை வேறு எங்காவது அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. என்னென்ன வேண்டும்

உருக்க, அடி கனமான சின்ன இரும்புச் சட்டி. வார்ப்பிரும்போ துருப்பிடிக்காத எஃகோ இருக்கலாம். அலுமினியச் சட்டி வேண்டாம். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே மெல்லிய சட்டி பலமிழந்து, எடை தாங்காமல் கைப்பிடியோடு பெயர்ந்துவிடும். துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது. துத்தநாகம் ஈயத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று அடுத்துச் சொல்கிறேன்.

ஈயத்தின் எடையைக் குறைத்து மதிப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 11 மடங்குக்கும் மேல். 200 மில்லி பிடிக்கும் ஒரு டம்ளர் நிறைய ஈயம் இரண்டேகால் கிலோவைத் தாண்டும். முதல் தடவைக்கு இரண்டு கிலோ போதும். 100 கிராம் குண்டுகள் ஒன்றரை டஜனாவது தேறும்.

ஊற்ற, நீண்ட கைப்பிடியும் ஓரத்தில் மூக்கும் உள்ள இரும்புக் கரண்டி. கசடு வழிக்க இன்னொரு கரண்டி. கசடு போட மூடியுள்ள தகர டப்பா. குறடு, சி-கிளாம்ப், கட்டிங் பிளேயர், ஒரு மெழுகுவர்த்தி.

உடம்புக்கு: முழுக்கைப் பருத்திச் சட்டை, முழுக்கால் பருத்திப் பேண்ட், தோல் ஷூ, தோல் கையுறை, முகத்தை முழுக்க மறைக்கும் கவசம். பாலியெஸ்டர் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். செருப்போடு இந்த வேலைக்கு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பேண்ட்டின் கால் முனை ஷூவின் வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் தெறித்த ஈயம் நேராக ஷூவுக்குள் இறங்கும். நெற்றியில் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் வியர்வை சட்டிக்குள் சொட்டாமல் இருக்க அதுதான் வழி.

ஒரு பக்கெட் தண்ணீர் கட்டாயம் இருக்க வேண்டும், தீக்காயத்துக்காக மட்டும். அதைப் பத்தடி தள்ளி வையுங்கள். அடுப்புப் பக்கத்தில் இருக்க வேண்டியது காய்ந்த மணல்.

இந்தச் சாமான்கள் எதுவும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வீட்டில் யாராவது நல்ல கரண்டி வீணாகிறதே என்று எடுத்து அடுப்படியில் வைத்துவிடுவார்கள்.

3. ஈயம் வாங்குதல்: எது வேண்டும், எதைத் தொடக்கூடாது

பழைய இரும்புக் கடையில் கேட்கும்போது காரீயம் என்று தெளிவாகக் கேளுங்கள். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அது விலை அதிகம், எடை குறைவு, நமக்குப் பயனில்லை. பழைய ஈயக் குழாய், கேபிள் உறை, தகடு ஆகியவை மென்மையான ஈயம். நகத்தால் கீறினால் கோடு விழும். வலை மணிக்கும் குண்டுக்கும் இது அருமை.

கார் சக்கரத்தில் அடிக்கும் பேலன்சிங் எடைகளில் ஆன்டிமனி கொஞ்சம் கலந்திருக்கும். குண்டு கெட்டியாக வரும், பாறையில் பட்டாலும் நசுங்காது. ஆனால் இன்று கிடைப்பவற்றில் பல இரும்பு, பல துத்தநாகம். துத்தநாக எடையில் பெரும்பாலும் இசட், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். தரையில் போட்டால் ஈயம் மந்தமாக விழும், மற்றவை கணீரென்று ஒலிக்கும். துத்தநாகம் கலந்த ஈயம் ரவைக் கஞ்சி போல் திரண்டுவிடும். அச்சின் மூலை நிரம்பாது. அதை வீட்டில் பிரித்தெடுக்கவும் முடியாது, ஒரு சட்டி ஈயமும் வீண்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது. தட்டுகளில் நல்ல உலோகத்தைவிட ஈயச் சேர்மங்கள்தான் நிறைய. போதாக்குறைக்கு ஆர்சனிக், ஆன்டிமனி போன்றவையும் கலந்திருக்கும். அதன் கசடில் ஈரம் பட்டால் நச்சு வாயு வரலாம். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும், பயன்படுத்திய பேட்டரியைச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைக்கத்தான் சொல்கின்றன. கிலோ விலை குறைவு என்று யாராவது பேட்டரி ஈயம் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

4. முதல் நாள்: பழைய ஈயத்தை உருக்கிப் பாளமாக்குவது

பழைய ஈயத்தை உருக்கி நேராக அச்சில் ஊற்றுவது பெரிய தவறு. அழுக்கும் ஈரமும் நிறைந்த ஈயத்தைச் சுத்தம் செய்வது ஒரு நாள் வேலை. குண்டு வார்ப்பது இன்னொரு நாள். பிரித்துச் செய்தால், வார்க்கும் நாளில் சட்டிக்குள் போவது என்னவென்று உங்களுக்குச் சந்தேகமே இருக்காது.

முதலில் குழாய்களை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிடுங்கள். நுனி நசுங்கிய குழாய்க்குள் தண்ணீர் அடைபட்டிருந்தால் வெளியே தெரியாது. உருகிய ஈயத்துக்குள் தண்ணீர் மூழ்கினால், நொடியில் 1,600 மடங்குக்கு மேல் பெருத்து ஆவியாகும். சட்டியில் இருந்த ஈயம் முழுவதும் மேலே வரும், உங்கள் முகத்தை நோக்கி. மேலே விழும் வியர்வைத் துளி சீறிவிட்டுப் போய்விடலாம். அடியில் போகும் ஈரம்தான் வெடிக்கிறது.

எல்லாவற்றையும் இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். அப்புறம் குளிர்ந்த சட்டியில் அடுக்கி, அதன்பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். ஈயமும் சட்டியும் சேர்ந்தே சூடேறும்போது, மிச்சமிருக்கும் ஈரம் ஈயம் உருகும் முன்பே வெளியேறிவிடும். சட்டி கொள்ளும் அளவுக்கு மட்டும் வையுங்கள். உருகிய பிறகு மேலே துண்டு போட்டுச் சேர்க்கும் பழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். இன்னும் ஈயம் இருந்தால் சட்டியைக் காலிசெய்து, ஆறவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419இல்தான் உருகும். அதனால் சூட்டை 380க்குக் கீழே வைத்திருந்தால், கண்ணுக்குத் தப்பி வந்த துத்தநாகத் துண்டுகள் உருகாமல் மேலே மிதக்கும். அவற்றையும் இரும்புக் கிளிப்புகளையும் கரண்டியால் அள்ளி எடுத்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு கம்பித் தெர்மாமீட்டர் வாங்குவது நல்லது. தூரத்திலிருந்து காட்டும் அகச்சிவப்புத் துப்பாக்கி பளபளக்கும் ஈயத்தின்மேல் தப்பான எண்ணைக் காட்டும். அதை நம்பாதீர்கள்.

உருகியதும் பட்டாணி அளவு மெழுகைப் போடுங்கள். புகைந்து, தீப்பிடிக்கவும் செய்யும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சூடேறிய கரண்டியால் அடியிலிருந்து கிளறுங்கள். மேலே படிந்த ஆக்சைடில் ஒரு பகுதி மறுபடி ஈயமாகும், அழுக்கு கருப்புப் பொடியாக மேலே வரும். அந்தக் கசடை மெதுவாக வழித்து டப்பாவில் போட்டு மூடுங்கள். இந்த வேலையில் உடம்புக்கு அதிகக் கெடுதல் செய்வது இந்தப் பொடிதான். இந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. பொடி பறந்து மூக்கில் போவதும், கையில் ஒட்டி வாய்க்குப் போவதும்தான் ஈயம் உடலுக்குள் நுழையும் முக்கிய வழி. துணி முகமூடி இதற்கு உதவாது. பி100 வடிகட்டி உள்ள சுவாசக் கவசம் போடுங்கள்.

பாளம் ஊற்றுவதற்குப் பழைய வார்ப்பிரும்புக் குழிப்பணியாரச் சட்டியைவிட நல்ல அச்சு எனக்குத் தெரியவில்லை. குழி சரிவாக இருப்பதால் கவிழ்த்தால் பாளம் தானே விழும். அதையும் முன்கூட்டிச் சூடாக்கி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் வைத்திருக்க வேண்டும். பிறகு அது பணியாரத்துக்கு ஆகாது. சிவப்பு பெயிண்ட் மறக்காதீர்கள்.

5. அச்சு

தொடக்கத்தில் இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய அச்சு ஒன்று வாங்குங்கள், அல்லது லேத் பட்டறையில் சொல்லிக் கடையச் சொல்லுங்கள். அளவு சொல்ல ஒரு கணக்கு: உருண்டையாக இருந்தால் 50 கிராமுக்கு விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர், 100 கிராமுக்கு 25.6 மில்லிமீட்டர். எடை இரட்டிப்பானாலும் விட்டம் கால் பங்குதான் கூடும். பட்டறையில் இதைத் தெரியாமல் விட்டத்தையே இரட்டிப்பாக்கி, எட்டு மடங்கு எடையில் அச்சு வாங்கி வந்தவர்கள் உண்டு.

ஊற்றுவாய் புனல் வடிவில் அகலமாக இருக்கட்டும். ஈயம் இறுகும்போது மூன்று, மூன்றரை சதவீதம் சுருங்கும். புனலில் நிற்கும் கூடுதல் ஈயம் உள்ளே இறங்கி அந்தக் குறையை நிரப்பும். இரண்டு பாதியும் சேரும் முகத்தில், குழியிலிருந்து வெளியே போகும்படி மயிரிழைக் கோடுகள் கீறியிருந்தால் காற்று வெளியேறும், ஈயம் வெளியேறாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு மலிவுதான். ஆனால் அது கெட்டியான பிறகும் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்தது போல் இருக்கும். ஈர மணல் அச்சும் அப்படித்தான். புதியவர்களுக்கு இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை.

6. வார்க்கும் நாள், அடுப்புக்கு முன்

அச்சைத் துடைத்து, இரண்டு உட்புறத்தையும் மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் காட்டி, மெல்லிய கரிப்படலம் ஏற்றுங்கள். இது இல்லாவிட்டால் குண்டு அச்சோடு பிடித்துக்கொள்ளும். கரி கட்டியாகப் படிந்தால் குண்டின் மேற்பரப்பு சொரசொரப்பாகும்.

வளையத்துக்கான கம்பிகளை எல்லாம் இப்போதே வளைத்து வையுங்கள். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ நல்லது. உள்ளே போகும் முனையை விரித்து வளைத்தால்தான் மீன் இழுக்கும்போது கழன்று வராது. நேரான முனையோடு வார்த்த குண்டுகள், வீசும்போதே கழன்று யார் தலையிலாவது விழும் ஆபத்து உண்டு.

வலை மணிக்குக் கம்பிக்குப் பதில் துளை வேண்டும். அச்சின் நடுவே வழவழப்பான எஃகுக் கம்பியைக் கரிபூசிப் பொருத்துங்கள்.

7. உருக்குதல், அச்சைச் சூடேற்றுதல்

பாளங்களைக் குளிர்ந்த சட்டியில் வைத்துப் பற்றவையுங்கள். உருகும் நேரத்தில் அச்சையும் கரண்டியையும் கம்பிகளையும் அடுப்பின் ஓரச் சூட்டில் வையுங்கள். இரண்டு காரணம்: ஈரம் போகும், ஈயம் அச்சைத் தொட்டதும் உறையாமல் இருக்கும். ஆறிய கரண்டியைச் சட்டிக்குள் விடுவதும் ஈரத்தை உள்ளே விடுவதும் ஒன்றுதான்.

ஊற்ற 370 முதல் 400 டிகிரி போதும். ஈயத்தின் மேல் படலம் பொன் நிறத்திலிருந்து ஊதா, நீலம் என்று மாறினால் சூடு அதிகம், அடுப்பைத் தணியுங்கள். சூடு ஏற ஏற ஆக்சைடும் புகையும் கூடும். வேகமாக முடியும் என்று தீயை ஏற்றுவதால் எந்த நன்மையும் இல்லை.

8. ஊற்றுதல்

அச்சை மூடி, கிளாம்ப் போட்டு, காய்ந்த மணல் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஊற்றாதீர்கள்.

கரண்டியால் மேற்படலத்தை ஒதுக்கி, அடியிலிருந்து சுத்தமான ஈயத்தை மொண்டு, ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். பாதி ஊற்றி நிறுத்தினால் குண்டு இரண்டு அடுக்காகப் பிளந்து நிற்கும். புனல் நிரம்பியதும், உள்ளே இறங்க இறங்க ஒரு நொடி மேலும் விடுங்கள்.

புனலில் உள்ள ஈயத்தின் பளபளப்பு மங்கி இறுகும்வரை அசைக்காதீர்கள். பிறகு இன்னும் சிறிது நேரம். மேலே இறுகினாலும் நடுவில் திரவமாக இருக்கலாம். திறந்து, குறட்டால் எடுத்து, பருத்தித் துணி விரித்த பலகையில் வையுங்கள். ஆறவைக்கத் தண்ணீரில் போடும் வேலை வேண்டாம். அந்தத் தண்ணீர்த் துளிதான் அச்சுக்கும் சட்டிக்கும் திரும்பி வரும்.

மணி வார்க்கும்போது கம்பியை, மணி முழுக்க ஆறும் முன், இளஞ்சூட்டிலேயே முறுக்கி உருவுங்கள். ஆறிச் சுருங்கிவிட்டால் ஈயம் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

முதல் சில குண்டுகள் சரியாக வராது. அச்சு சீரான சூட்டுக்கு வருவதற்கான விலை அது. கழித்த குண்டுகளை ஓரமாக வைத்து, அடுத்த தடவை குளிர்ந்த சட்டியில் போடுங்கள். உருகிய ஈயத்துக்குள் எறிந்தால் தெறிக்கும்.

9. குண்டைப் பார்த்தே குறை கண்டுபிடிப்பது

மேலே சுருக்கம் சுருக்கமாக இருந்தால் அச்சு ஆறிக் கிடக்கிறது. எல்லோரும் ஈயத்தின் சூட்டை ஏற்றுவார்கள். வேண்டியது அச்சின் சூடு. இடைவெளி விடாமல் வார்த்தாலே அச்சு சூடாகிவிடும்.

உறைபனி படிந்தது போல் வெளிறி, மங்கலாக வந்தால் நேர்மாறு: அச்சு அதிகச் சூடு, சற்று நிறுத்துங்கள். மூலை நிரம்பவில்லை என்றால் காற்றுக் கோடு அடைபட்டிருக்கிறது. சேரும் கோட்டில் தகடு போல் பிசிறு வந்தால் கிளாம்ப் சரியாக இறுகவில்லை, அல்லது இடையில் ஈயத் துணுக்கு மாட்டியிருக்கிறது. ஊற்றுவாயின் கீழே குழி விழுந்தால் புனல் சிறிது, அல்லது ஊற்றுவதைச் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குண்டு ரவை ரவையாக வந்தால் துத்தநாகம் கலந்துவிட்டது. அந்தச் சட்டி ஈயத்தைத் தனியே வைத்துப் பழைய இரும்புக் கடையிலேயே, கலப்பு என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

10. பிசிறு நீக்குதல், எடை பார்த்தல்

ஊற்றுவாய் முனையைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, பிசிறைக் கத்தியால் சீவுங்கள். அரமும் உப்புத்தாளும் ஈயத் தூளைக் கிளப்பும், வேண்டாம். சீவல்களைப் பொறுக்கி டப்பாவில் சேருங்கள்.

ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள். ஒரே அச்சில் எடை குறைந்த குண்டு உள்ளே காற்றுக்குழி உள்ளது. தூண்டில் குண்டில் ஓரிரு கிராம் வித்தியாசம் பெரிதல்ல. வீச்சுவலை மணிகளில் கவனம் வேண்டும், ஒரு பக்கம் கனத்தால் வலை வட்டமாக விரியாது.

11. அடுப்பை அணைத்த பிறகு

சட்டியில் மிச்சத்தைப் பாளமாக ஊற்றிக் காலியாக்குங்கள். நிறைய ஈயம் சட்டியிலேயே இறுகிக் கிடந்தால், அடுத்த தடவை அடியில் உருகி விரியும் ஈயம் மேல் ஓட்டைப் பிளந்துகொண்டு பீறிடலாம்.

கசடு டப்பாவைக் குப்பையிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். மூடி, பெயர் எழுதி வைத்து, ஈயம் வாங்கும் மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். தரையைப் பெருக்க வேண்டாம், தூசி கிளம்பும். ஈரத்துணியால் துடையுங்கள், எல்லாம் முழுக்க ஆறிய பிறகு.

கையை, நகக்கண் உட்பட, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்கு முன் பீடி, வெற்றிலை, டீ, செல்போன் எதையும் தொடாதீர்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள். அப்புறம் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

தீக்காயம் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். தோலில் ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காதீர்கள், அதோடு சேர்த்தே குளிரவைத்து மருத்துவமனைக்குப் போங்கள். பற்பசை, பேனா மை, மாவு எதுவும் தடவக் கூடாது. தொடர்ந்து வார்க்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது அவசியம்.

12. எதை வார்க்காமல் விடுவது

நூலில் கடித்து நசுக்கிப் பொருத்தும் குறுமணிகளை வார்க்க வேண்டாம். பல்லால் கடிப்பது நேரடியாக ஈயத்தை வாயில் வைப்பது. அறுந்து விழும் குறுமணிகளை நீர்ப்பறவைகள், இரைப்பையில் அரைக்க விழுங்கும் கற்கள் என்று நினைத்து விழுங்கிச் சாகின்றன. அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 1987இல் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளுக்குத் தடை வந்தது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டை வைத்திருக்கவே கூடாது. ஏரியிலும் குளத்திலும் மீன் பிடிக்கிறவர்கள் சிறிய எடைகளுக்கு இரும்பு நட்டைக் கட்டுங்கள். மீன் வித்தியாசம் பார்ப்பதில்லை.

பாறைத் தரையிலும் ஈயத்தை வீணாக்காதீர்கள். அங்கே குண்டு மாட்டிக்கொள்வது நிச்சயம். பழைய ஸ்பார்க் பிளக்கை, பிரதான நூலைவிட மெல்லிய நூலில் கட்டி இறக்குங்கள். மாட்டினால் அந்த மெல்லிய நூல் மட்டும் அறும், முள்ளும் மீனும் கைக்கு வரும்.